அந்த ஒரு கையசைப்பு

ஒரு பெண்ணுக்கு வழிவிட்டு, "போங்கள்" என்று கை காட்டியதற்காக இங்கிலாந்தில் ஓட்டுநர் தேர்வில் தோற்றேன். 2023 அக்டோபரில் நடந்தது அது. வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் நம்பவில்லை. "வேறு ஏதாவது செய்திருப்பாய், நன்றாக யோசித்துப் பார்" என்றார். தொலைபேசியில் கேட்ட அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வழிவிட்டதற்கா தோல்வி போட்டார்கள்? அது என்ன நியாயம்?" என்றார். அன்று எனக்கும் அதே கேள்விதான். பதில் பிடிபட ஐந்து மாதங்கள் ஆயின. பிடிபட்ட பிறகு, அதுவரை பதினொரு ஆண்டுகளாக ஓட்டிய ஓட்டத்தை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. உரிமம் வாங்குவதற்கான வழிமுறைகளைச் சொல்லும் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கையைப் பற்றி.

ஓராண்டுச் சலுகை

பிரிட்டனுக்குக் குடிவருகிறவரின் நிலைமை அவர் பையில் எந்த நாட்டு உரிமம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர் உரிமமோ ஆஸ்திரேலிய உரிமமோ இருந்தால், குடியேறிய ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து 43 பவுண்டு கட்டி, தேர்வு இல்லாமலே பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூரிலிருந்து வந்த என் தோழி அப்படித்தான் மாற்றிக்கொண்டாள். இந்திய உரிமத்துக்கும் இலங்கை உரிமத்துக்கும் அந்த வழி கிடையாது. குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் அதை வைத்து ஓட்டலாம். அதற்கு மேல், பதினேழு வயதுப் பிள்ளைகள் தொடங்கும் இடத்திலேயே நாமும் வரிசையில் நிற்க வேண்டும்: 34 பவுண்டு கட்டிப் பழகுநர் உரிமம், 23 பவுண்டில் தியரி தேர்வு, 62 பவுண்டில் சாலைத் தேர்வு.

நாங்கள் வந்தது 2022 ஆகஸ்டில். இரண்டாவது மாதமே பழைய கார் ஒன்று வாங்கினோம். கணவர் ரயிலில் வேலைக்குப் போகிறவர், ஓட்டப் பழகியதே இல்லை. ஆகவே மகளைப் பள்ளியில் விடுவதும், வாரச் சாமான்கள் வாங்குவதும், கடல் பார்க்க ஆசைப்பட்ட நாளில் வேல்ஸ் வரை போய்வந்ததும் என் பொறுப்பாயின. இங்கேயும் இடப்பக்க ஓட்டம்தானே, புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று எண்ணினேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, எதிலும் இடிக்கவில்லை, ஒரு அபராதச் சீட்டுகூட வரவில்லை. நான் நன்றாக ஓட்டுகிறேன் என்பதற்கு அதையே அத்தாட்சியாக வைத்துக்கொண்டேன். பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தது எட்டாவது மாதத்தில். அதை வாங்கினால் அன்றிலிருந்தே எல் போர்டு மாட்ட வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பித் தள்ளிப்போட்டேன். உண்மையில் அந்த 12 மாதங்கள் முடியும்வரை அந்தக் கட்டுப்பாடு நமக்கு இல்லை. இது தெரியாமல் காலத்தை விட்டவர்களை எனக்குப் பின்னால் நான்கைந்து பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தியரி தேர்வு முடிந்து சாலைத் தேர்வுக்கு நாள் தேடியபோது கிடைத்தது அக்டோபர். என் ஓராண்டு ஆகஸ்டில் முடிந்துவிட்டது. முடிந்த மறுநாள் காலையில் கார் சாவி வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுவரை மகளைத் தனியாக ஏற்றிக்கொண்டு போன அதே கைகள், இன்றிலிருந்து எல் போர்டு மாட்டி, 21 வயது நிரம்பி, மூன்று ஆண்டுகளாவது முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் ஸ்டீயரிங்கைத் தொடலாம். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை. மகளும் நானும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். காரின் பேட்டரி இறங்கிப்போனது. மழைக்காலம் வந்ததும் ஜன்னல் ரப்பர் ஓரங்களில் பச்சையாகப் பாசி பிடித்தது.

அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் ஆபத்தானவள் என்றால் ஓராண்டு ஏன் விட்டார்கள்? ஆபத்தில்லாதவள் என்றால் இப்போது ஏன் தடுக்கிறார்கள்? அந்த வாதத்தின் முதல் பாதியை இன்றும் விடவில்லை, ஆனால் அதன் திசை மாறிவிட்டது. புதிதாக வந்த ஒருவருக்கு எதுவுமே தெரியாத மாதங்கள் அந்த முதல் மாதங்கள்தான். ரவுண்டானாவில் எந்தத் தடத்தில் நுழைவது, வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிடுவது என்றால் எவ்வளவு தூரத்தில் வருகிறவருக்கு, நான் வெளியேறப்போவதை எந்த இடத்தில் தெரிவிப்பது, இவை எதுவும் தெரியாமல்தான் கார் வாங்கிய முதல் வாரம் மகளோடு போனேன். ஹைவே கோடு என்னும் சாலை விதிப் புத்தகத்தைத் தியரி தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்வரை ஒருநாளும் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. சாலைத் தேர்வுக்கு வேண்டுமானால் ஓராண்டு கொடுக்கட்டும், தியரி தேர்வையாவது முதல் மூன்று மாதங்களுக்குள் முடிக்கச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்களைப் போன்றவர்களுக்குச் சுமை கூட்டுகிறேனே என்று தோழிகள் வருத்தப்படுகிறார்கள். அந்த ஓராண்டில் எனக்குக் காயம் படாமல் போனதற்குக் காரணம் என் திறமை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் விதிப்படி ஓட்டினார்கள், அந்த நிழலில் நானும் போய்வந்தேன்.

எல்லாமே அபாயமாகத் தெரிந்தபோது

தியரி தேர்வில் இரண்டு பகுதிகள். 57 நிமிடங்களில் 50 கேள்விகள், அவற்றில் 43 சரியாக இருக்க வேண்டும். அதில் 48 வாங்கினேன். இரண்டாவது பகுதி அபாயத்தை உணரும் சோதனை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோன்ற 14 காட்சிகளைத் திரையில் ஓடவிடுவார்கள். ஓர் அபாயம் உருவாகத் தொடங்குவதைக் கண்டதும் மவுஸைச் சொடுக்க வேண்டும். மொத்தம் 15 அபாயங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஐந்து மதிப்பெண். எவ்வளவு சீக்கிரம் காண்கிறோமோ அவ்வளவு கூடுதல் மதிப்பெண். 75க்கு 44 எடுத்தால் போதும். எனக்குக் கிடைத்தது 39. இரண்டில் ஒன்று போனாலும் முழுத் தேர்வும் போயிற்று. பதினொரு ஆண்டு ஓட்டியவளுக்கு அபாயம் தெரியவில்லை என்று அந்தத் தாள் சொன்னது. அவமானமாக இருந்தது.

இங்கே தேர்வுக்காக எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். 2014 ஏப்ரல்வரை தியரி தேர்வின் கேள்விகளைக் காதில் மாட்டும் கருவியில் தமிழிலேயே கேட்கலாம் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். குரல்வழி கொடுத்துவந்த மொழிகளில் தமிழும் ஒன்று. பிறகு ஆங்கிலமும் வெல்ஷும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ அம்மாமார் அவரிடம் படித்துத் தேறியிருக்கிறார்கள். என் மதிப்பெண் தாளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தரம் சொடுக்கினீர்கள், தங்கச்சி?" கணக்கு வைக்கவில்லை, நிறைய என்றேன். நடைபாதையில் ஒரு பையன் பந்தோடு நிற்பதைப் பார்த்ததுமே சொடுக்கினேன். நின்றிருந்த காருக்குள் ஓட்டுநர் இருப்பதைப் பார்த்ததும் சொடுக்கினேன். சைக்கிள்காரர், நாய், பஸ் நிறுத்தம், சந்துமுனை, எதையும் விடவில்லை. சிக்கல் அங்கேதான். பையன் நிற்பது இன்னும் அபாயமாகவில்லை. அவன் கால் விளிம்புக் கல்லைத் தாண்ட அசையும் நொடியில்தான் மதிப்பெண் கணக்கு திறக்கிறது. அதற்கு முன் சொடுக்கினால் கணக்கில் சேராது. ஒரே காட்சியில் விடாமல் சொடுக்கினால், ஊகத்தில் சொடுக்குகிறார் என்று அந்தக் காட்சிக்கே பூஜ்யம் போட்டுவிடுகிறது கணினி.

"எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று கேட்டார் அண்ணா. எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் சந்தேகப்படுவதைத்தான் ஊரில் எனக்கு ஓட்டுவதன் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்காக ஊர்ச் சாலைகளைப் பழிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அங்கே ஒரு பேச்சு நடக்கிறது. ஹாரன் பேசுகிறது, கண் பேசுகிறது, கை பேசுகிறது. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது கிளீனர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி "வா, வா" என்று அசைப்பார். எதிரில் வண்டி இல்லை என்பதை நமக்காக அவர் பார்த்துச் சொல்கிறார். அந்தக் கையை நம்பி எத்தனையோ முறை முந்தியிருக்கிறேன். சாலையைக் கடக்கிற பாட்டி உள்ளங்கையை நம் பக்கம் காட்டி நிறுத்துவார், நாம் தலையசைப்போம், அவர் போவார். முன்பின் அறியாதவர்கள் அந்த ஒரு நொடியில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள். அதில் ஓர் அழகு உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தக் கைகளோடுதான் நான் இங்கே வந்து இறங்கினேன்.

ஜூலையில் மறுபடி எழுதியபோது அபாயப் பகுதியில் 57 வாங்கித் தேறினேன்.

இருபத்தைந்தாவது நிமிடம்

சாலைத் தேர்வு நாள் காலையில் மழை விட்டிருந்தது. தேர்வு அதிகாரி ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், அமைதியான குரல். முதலில் 20 மீட்டர் தொலைவில் நின்ற காரின் எண் பலகையைப் படிக்கச் சொன்னார். டயரின் பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று கேட்டார். 1.6 மில்லிமீட்டர் என்றேன், எந்தப் பகுதியில் அளக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். புறப்பட்டோம். தேர்வின் ஏறத்தாழ 40 நிமிடங்களில் 20 நிமிடம் வழிகாட்டிக் கருவி சொல்வதைக் கேட்டு நாமே ஓட்ட வேண்டும் என்பது 2017 டிசம்பரில் வந்து அப்போது இருந்த முறை. இரண்டு ரவுண்டானாக்கள், ஒரு பின்னோக்கு நிறுத்தம், எல்லாம் ஒழுங்காகப் போயின. மூச்சு சீராகிவிட்டது. தேறிவிடுவோம் என்ற எண்ணம் வந்துவிட்டது.

கடைத்தெரு போன்ற ஒரு சாலையில் ஜீப்ரா கிராசிங் வந்தது. இரு ஓரமும் கறுப்பு வெள்ளைக் கம்பங்களின் உச்சியில் மஞ்சள் உருண்டைகள் விட்டுவிட்டு எரிந்தன. 1934இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஹோர்-பெலிஷாவின் பெயரால் இன்றும் அவற்றைப் பெலிஷா விளக்குகள் என்றே சொல்கிறார்கள். என் இடப்பக்க நடைபாதையில் ஓர் இளம் தாய், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றாள். வேகத்தைக் குறைத்தேன், கோட்டுக்கு முன் நின்றேன். கண்ணாடியைப் பார்த்தேன், கைபிரேக் போட்டேன். அதுவரை எல்லாம் சரி. அவள் நகரவில்லை. எதிர்த்தடம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தயங்குகிறாள், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். குழந்தையோடு குளிரில் நிற்கிறாளே என்றும் நினைத்தேன். ஸ்டீயரிங்கிலிருந்து இடக்கை தானாக எழுந்தது. புன்னகையோடு அசைத்தேன்: போங்கள், போங்கள்.

அவள் பார்வை எதிர்த்தடத்திலிருந்து என் பக்கம் வந்தது. என் முகத்தைப் பார்த்தாள். நன்றி சொல்வதுபோல் தலையசைத்தாள். எதிர்த்தடத்தை மறுபடி பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். என் காரின் முன்பக்கத்தைத் தாண்டி, சாலையின் நடுக்கோட்டை அவளுக்கு முன்னால் தள்ளுவண்டியின் சக்கரம் தொட்டபோது, எதிரிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. வேகமாக வந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் பார்த்துவிட்டார். ஈரச் சாலையில் பிரேக் பிடித்த சத்தம் கேட்டது, வேனின் மூக்கு தாழ்ந்து எழுந்தது. கோடுகளுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. அவள் தள்ளுவண்டியை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். குழந்தையின் தொப்பி ஒருபக்கமாகச் சரிந்தது.

அதன் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. வேன்காரரை அவள் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "நீங்கள் சொன்னீர்களே" என்பது போன்ற ஒரு பார்வை. இரண்டு நொடி இருக்கும். பிறகு நடந்து போய்விட்டாள். என் கை இன்னும் பாதி உயரத்தில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மீதி நிமிடங்களை எப்படி ஓட்டினேன் என்பது நினைவில்லை. மையத்துக்குத் திரும்பி இன்ஜினை அணைத்ததும் அதிகாரி முடிவைச் சொன்னார். சிறு பிழைகள் ஐந்து. 15 வரை இருந்தாலும் தேறலாம். ஆனால் கடும் பிழை ஒன்று இருந்தால் தேற முடியாது. எனக்கு அந்த ஒன்று இருந்தது. "நீங்கள் நின்றது சரி. நிற்பதோடு உங்கள் வேலை முடிந்தது" என்றார். குரலில் கடுமை இல்லை. காரை விட்டு இறங்கும்போது, "அந்தப் பெண் சரியான பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அன்று நான் காதில் வாங்கவேயில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒரு சைகை

அடுத்த தேர்வுக்குப் பத்து வேலை நாட்கள் இடைவெளி இருந்தால் போதும் என்பது விதி. கிடைத்த நாள் என்னவோ 2024 மார்ச்சில். இன்னொரு 62 பவுண்டு. இந்த ஐந்து மாதங்களில் ஆறுதல் சொன்னவர்கள் இரண்டு வகை. வேன்காரன் மேல்தான் பிழை என்றார்கள் ஒரு வகையினர். அது உண்மை. கடவையில் ஒருவர் காலை வைத்துவிட்டால் நின்றே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வேன்காரரின் பிழை என் பிழையை எப்படி இல்லாமலாக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு வகையினர் நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை எனக்கு அதைவிட உறுத்தலாக இருந்தது. "தேர்வு என்பது நாற்பது நிமிட நாடகம். கண்ணாடி பார்ப்பது அவர்களுக்குத் தெரியும்படி தலையைத் திருப்பு, கையைக் கட்டிக்கொள். அட்டை கைக்கு வந்ததும் வழக்கம்போல் ஓட்டிக்கொள்ளலாம்." நன்றாக ஓட்டுகிறவர்களே இதைச் சொன்னார்கள். சில நாட்கள் நானும் அப்படித்தான் சமாதானம் ஆனேன். இரவில் படுத்தால் அந்தப் பார்வை வந்துவிடும். நாடகம் என்றால் அந்தக் குழந்தையின் தொப்பி எப்படிச் சரிந்தது?

அந்த நாட்களில்தான் ஹைவே கோடை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 1931இல் ஒரு பென்னி விலையில் முதலில் வந்த புத்தகம் அது. தேர்வுக்காகப் படித்தபோது கேள்வி பதிலாகத்தான் படித்திருந்தேன். இப்போது ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் படித்தேன். 195ஆம் விதியில் அது இருந்தது. ஜீப்ரா கிராசிங்கில் நிற்பவரைக் கை அசைத்தோ, விளக்கை மின்னவிட்டோ, ஹாரன் அடித்தோ கடக்க அழைக்காதீர்கள், இன்னொரு வாகனம் வந்துகொண்டிருந்தால் ஆபத்தாகும் என்று எழுதியிருந்தது. என் அக்டோபர் காலையை யாரோ முன்கூட்டியே எழுதிவைத்ததுபோல் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒரு விதியை மீறினேன், தோற்றேன் என்று கதை முடிந்திருக்கும். சைகைகள் பற்றிச் சொல்லும் பக்கங்களையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் திறந்தது. முன்விளக்கை மின்னவிடுவது எதற்கு? நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும். ஹாரன்? அதற்கும் அதுவே. இண்டிகேட்டர்? நான் திரும்பப் போகிறேன். பிரேக் விளக்கு? நான் வேகம் குறைக்கிறேன். 1935இல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமான காலத்தில் காரின் ஜன்னல் வழியே கையை நீட்டித்தான் இவற்றையெல்லாம் தெரிவித்தார்கள். 1975வரை தேர்வில் கைச்சைகைகளைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அந்தச் சைகைகளின் படங்கள் இன்றும் புத்தகத்தில் இருக்கின்றன. படம் படமாகப் பார்த்தேன். ஒவ்வொரு கையும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது: நான் இடப்பக்கம் போகப்போகிறேன், நான் நிற்கப்போகிறேன். "நீ போ" என்று இன்னொருவருக்குச் சொல்லும் கை, சீருடையில் நிற்கும் காவலருக்கும் அவரைப் போல் அதிகாரம் பெற்றவர்களுக்கும்தான் இருக்கிறது. அவர்கள் சாலையில் இறங்கி நின்று, எல்லாப் பக்கமும் நிறுத்திவிட்டுச் சொல்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்திருந்த நான், எனக்குச் சொந்தமில்லாத தடத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன்.

லாரிக் கிளீனரின் கையை அப்போது திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவரை நான் மதித்தது பொய்யில்லை. ஆனால் அவர் எனக்காக எதிர்த்தடத்தை எட்டிப் பார்த்த பிறகு கையசைத்தார். நான் அந்தப் பெண்ணுக்காக எதிர்த்தடத்தைப் பார்க்கவேயில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அன்பாக இருக்க வேண்டும் என்ற நினைப்பில் என் கண் சாலையை விட்டுவிட்டது. அவளோ பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை காட்டியதும் தன் பார்வையை நிறுத்திவிட்டு என் பார்வையை நம்பினாள். அதிகாரி இறங்கும்போது சொன்ன வாக்கியம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

டிசம்பரில் அம்மா வந்தார், இரண்டு மாதம் இருந்தார். கார் ஓடாததால் எங்கும் நடைதான். ஒருநாள் மகளின் பள்ளிக்குப் போகும் வழியில் இருவரும் ஜீப்ரா கிராசிங்கில் நின்றோம். ஒரு கார் நின்றது. வயதான அம்மாவைப் பார்த்ததும் ஓட்டியவர் மலர்ந்த முகத்தோடு கையை அசைத்தார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. "எவ்வளவு மரியாதை பார், போகச் சொல்கிறார்" என்று காலை எடுத்துவைத்தார். அவர் முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடும் என்றே தோன்றியது, இருந்தாலும் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். "நிற்காதே, அவர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்று அம்மா என்னைக் கடிந்துகொண்டார். கை காட்டியவர் முகமும் மாறியது. தன் நல்ல மனத்தை நான் சந்தேகப்பட்டதாக அவர் நினைத்திருக்கலாம். அவர் மனத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்டோபரில் என் மனமும் அப்படித்தான் இருந்தது. எதிர்க் கார் நின்றது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். நடுக்கோட்டைத் தாண்டும்போது அம்மாவின் கை எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்தது.

மார்ச் மாதத் தேர்வுக்கு வேறோர் அதிகாரி வந்தார். வழியும் வேறு. ஒரே ஒரு ஜீப்ரா கிராசிங் வந்தது, தடி ஊன்றிய ஒரு பெரியவர் நின்றிருந்தார். நிறுத்தினேன். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. அவர் இருபக்கமும் பார்த்தார், பிறகு ஒருமுறை கூடப் பார்த்தார், இறங்கி நடந்தார். அவர் மறுகரை ஏறி, தடியை நடைபாதையில் ஊன்றும்வரை நான் கியரைத் தொடவில்லை. மையத்துக்கு வந்ததும் தேறிவிட்டதாகச் சொன்னார் அதிகாரி. சிறு பிழைகள் நான்கு. பச்சை அட்டையை வாங்கிக்கொண்டார், முழு உரிமம் இளஞ்சிவப்பு நிறத்தில் தபாலில் வரும் என்றார்.

காத்திருந்த அண்ணா முடிவுத் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. சாலை காலியான பிறகும் தேவைக்கு அதிகமாகத் தயங்கியதற்கு ஒரு சிறு பிழை போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் என்று கேட்டார். தடி ஊன்றிய பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அண்ணா தாளை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அது இருக்கட்டும், தங்கச்சி" என்றார்.